மின்கம்பத்தில் கட்டிய அட்டை

சனம் திரண்டு நின்றால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பாரிஸில் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் கடைக்கு முன்னால் பெரிய ஊர்வலம் போனது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டேன். கோரிக்கை என்னவென்று தெரியாது. எல்லோரும் கத்தினதைக் கத்தி, கை தட்டி, ஆற்றங்கரை வரை போனேன். அது பன்றி வளர்ப்பவர்களின் ஊர்வலம் என்று பக்கத்தில் வந்த அல்ஜீரியன் ஒருவன் சொன்னபோது திரும்பிப் போக முடியாத தூரம் வந்திருந்தேன். அந்த வேலை அன்றோடு போனது. அதற்கு முன், ஜெர்மனியில் அகதி முகாமில், சாப்பாடு சரியில்லை என்று தட்டில் கரண்டியால் அடித்த கூட்டத்திலும் முன்னுக்கு நின்றேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இதெல்லாம் திருவிழா மாதிரி. தலை நரைத்தும் அந்தக் குணம் போகவில்லை.

லண்டனில் எனக்கு வாய்த்த திருவிழா மோர்டனில் நடந்தது. அங்கே கைத்தொழில் பேட்டையின் கடைசியில் இருந்த உணவுக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். தமிழ்க் கடைகளுக்குப் போகிற மரக்கறி, மீன், இறைச்சி எல்லாம் அங்கேதான் பிரித்துப் பொதி செய்யப்படும். முதலாளியும் எங்கள் ஆள். அகதியாக வந்து, பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை பார்த்து, முன்னுக்கு வந்தவர். மீன் பெட்டிகள் காணாமல் போகின்றன என்று சொல்லி, அவசரத்துக்கு வெளியேறும் பின்கதவைச் சங்கிலியால் பூட்டியிருந்தார்.

ஒரு காலை, பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற போர்க்லிப்டுக்கு மின்சாரம் ஏற்றுகிற இடத்தில் கரும்புகை கிளம்பியது. எல்லோரும் அந்தக் கதவுக்கு ஓடினோம். சங்கிலி கிடந்தது. பொதி செய்யும் பகுதிப் பெண்கள் கதவில் அடித்துக் குழறினார்கள். மேற்பார்வையாளர் பூட்டின் திறப்பைத் தேடி ஒவ்வொரு பொக்கெற்றாகத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது போர்க்லிப்ட் ஓட்டுகிற ஒருவன், புகைக்குள்ளிருந்து வாகனத்தைக் கொண்டுவந்து, அதன் இரும்புக் கரங்களைக் கதவுக்குக் கொடுத்து, கதவை நிலையோடு பிடுங்கி எறிந்தான். இருமிக்கொண்டு வெளியே விழுந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மத்தியானம் முதலாளி வந்தார். சுற்றிப் பார்த்தார்.

“கதவை உடைச்சது ஆர்?” என்றுதான் முதலில் கேட்டார்.

அந்த நாட்களில்தான் ஊரில், கொழும்பில், சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்திருந்தது. மெத்தையில் குதித்ததையும் நீச்சல் குளத்தில் பாய்ந்ததையும் நாங்கள் தேநீர் அறையில் கைபேசிகளை மாற்றி மாற்றிப் பார்த்தபடி இருந்தோம். பொதி செய்யும் பகுதியில் மூத்த பெண் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. “உது எங்கட சனமில்லை, சிங்களச் சனம்,” என்றார். பிறகு கைபேசியை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். “எண்டாலும் பாக்க வடிவாத்தான் கிடக்கு.”

முதலாளியின் கேள்வி அந்தச் சூட்டின்மேல் விழுந்தது. கதவை உடைத்தவன் அடுக்கியிருந்த மரப் பலகைகளின்மேல் ஏறி நின்றான். வன்னியில் பிறந்தவன், முப்பதைத் தாண்டியவன். அதுவரை அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்டது “விலகுங்கோ, விலகுங்கோ” என்பது மட்டும்தான்.

“முதலாளி கதவைக் கேக்கிறார்,” என்றான். “நாங்கள் உயிரைக் கேக்கிறம். புதுக் கதவு, சங்கிலி இல்லாத கதவு. அது வாற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போறேல்லை!”

அந்தக் குரல் அவனுக்குள் எங்கே இருந்ததோ தெரியாது. பாரிஸில், ஜெர்மனியில், எத்தனையோ கூட்டத்தில் விளங்காத மொழியில் கத்தியிருக்கிறேன். இப்போதுதான் என் மொழியில், என் கதவுக்காகக் கத்தப்போகிறேன். கையுறையைக் கழற்றி வானத்துக்கு எறிந்தேன். அது முதலாளியின் கார்மேல் விழுந்தது. சனம் சிரித்த சிரிப்பில் முதலாளியே ஒரு அடி பின்னுக்குப் போனார்.

அன்று தொடங்கிய வேலைப் பகிஷ்கரிப்பை நான் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் நினைக்கிறேன். காலையில் களஞ்சியத்தின் கேற்றுக்கு முன்னால் கூடுவோம். லண்டனின் மறுகோடியில், குட்மேய்ஸிலிருந்து, கடைக்காரர் ஒருவர் வான் ஒன்றில் பொரித்த றோல்ஸும் பால் தேத்தண்ணியும் அனுப்பினார். எனக்குக் கோஷம் போடுகிற வேலை. நான் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் பெண்கள் பகுதி அதைத் தாளத்தோடு திருப்பித் தரும். பாரவூர்திச் சாரதிகள், போலந்துக்காரர், ருமேனியர், அர்த்தம் தெரியாமலே எங்களோடு சேர்ந்து தமிழில் கத்தினார்கள். ஒரு லொறி கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் கப்பல் ஒன்றைத் திருப்பி அனுப்பின மாதிரி ஆரவாரம். வீட்டு வாடகை தலைக்குமேல் ஏறிக்கொண்டிருந்தது, பலர் மத்தியானச் சாப்பாட்டை அந்த றோல்ஸோடு முடித்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் விடிந்தால் எப்போது கேற்றுக்குப் போவோம் என்றுதான் இருந்தது.

கதவை உடைத்தவனை முதல் நாள் தம்பி என்று கூப்பிட்டோம். அடுத்த நாள் யாரோ அவனுக்கு இருக்க ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டார்கள். அதற்கடுத்த நாள், அவன் இல்லாத நேரத்திலும் அந்தக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு மஞ்சள் ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் கதிரைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். காவல் குழு என்றார்கள். யார் உள்ளே போகிறார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பது அவர்களுடைய வேலை. யாரும் அவனைத் தலைவர் என்று தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு காலை நானே கோஷத்தில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டேன், தாளத்துக்குச் சரியாக விழுந்தது. சனம் பிடித்துக்கொண்டது.

முதலாளி இறங்கி வந்தார். புதுக் கதவு போடச் சம்மதம், சங்கிலி போடமாட்டேன், ஆனால் கதவை உடைத்தவனை மட்டும் வேலைக்கு எடுக்கமாட்டேன் என்றார். அதை எப்படி ஒப்புக்கொள்வது? எங்கள் உயிரைக் காப்பாற்றினவன் அவன். முடியாது என்று கத்தினோம். அன்றிலிருந்து கதவுக்கான போராட்டம் அவனுக்கான போராட்டமாயிற்று. அது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு குறை சொன்னால் போராட்டத்தைப் பற்றிச் சொன்னது போலாகிவிட்டது. ஆட்களும் குறையத் தொடங்கினார்கள்.

நோர்பரியில் நான் இருந்த வீட்டில் பக்கத்து அறையில் மதுரைக்காரர் ஒருவர் இருந்தார். அதே களஞ்சியத்தில் இறைச்சி வெட்டுகிறவர். தொழில் விசாவில் வந்தவர். மனைவி பிள்ளைத்தாய்ச்சி. முதலாளி அவரைத் தனியே கூப்பிட்டு, ஒரு நாள் வராமல் விட்டாலும் விசா கொடுக்கிற ஹோம் ஆபீசுக்கு அறிவித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு முதலாளி சொன்னதுதான் சட்டம். ஆகவே அவர் தினமும் பின்கேற்றால் உள்ளே போனார்.

“தப்பா நினைக்காதீங்கண்ணே,” என்றார் சமையலறையில். “நெருப்புப் பிடிச்சப்ப நானும்தான் உள்ள இருந்தேன். வெளிய நிக்கத்தான் ஆசை. ஆனா வேலை போச்சுன்னா இவளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?”

நான் தலைவரிடம் அவருக்காகக் கதைத்தேன்.

“ஒராளை விட்டா எல்லாரும் விசாக் கதை சொல்லுவினம் அண்ணை,” என்றான். அவன் சொன்னதிலும் பிழையில்லை.

அடுத்த காலை நான் கேற்றுக்குப் போனபோது கோஷம் இல்லை. சனம் நிற்கிறது, ஆனால் சத்தம் இல்லை. எல்லோரும் கேற்றுக்கு எதிரே இருந்த மின்கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் நாரால் அந்தக் கம்பத்தில் ஒரு அட்டை கட்டியிருந்தது. வாழைப்பழப் பெட்டியைக் கிழித்த அட்டை. மேலே மதுரைக்காரரின் படம். கீழே “துரோகி” என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே குற்றங்கள், இலக்கம் போட்டு.

நாயோடு போன ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்று படத்தைப் பார்த்தாள். “ஆளைக் காணவில்லையா? எப்போதிலிருந்து?” என்று என்னிடம் கேட்டாள். அந்தத் தெருவில் கம்பங்களில் கட்டுவது காணாமல் போன பூனைகளின் படம்தான். இல்லை, ஆள் இருக்கிறார் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மதுரைக்காரரே பஸ்ஸால் இறங்கி வந்தார். பின்கேற்றுப் பக்கம் திரும்ப இருந்தவர் தன் படத்தைக் கண்டு நின்றார். கிட்டப் போய் வாசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“அண்ணே! எனக்கே போஸ்டர் வச்சுட்டாங்களா!” என்றார். “எங்க ஊர்ல வட்டச் செயலாளருக்குத்தான் இப்படி வைப்பாங்க. ஒரு போட்டோ எடுங்கண்ணே, வீட்ல காட்டுறேன்.” கைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தம்பி, அதில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீங்களோ?” என்று கேட்டேன்.

“வாசிச்சேன்ணே. துரோகி. தேர்தலுக்குத் தேர்தல் எங்க மாமாவைப் பத்தி ஊரெல்லாம் இப்படித்தான் ஒட்டுவாங்க. ஒட்டினவனே மறுவாரம் கல்யாண வீட்ல வந்து அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவான். எடுங்க, எடுங்க. சிரிக்கவா, முறைக்கவா?”

அவர் கம்பத்தோடு ஒட்டி நின்றார். அவருடைய தலைக்கு நேரே அட்டை இருந்தது. என்னால் அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை.

எனக்குப் பதினாறு வயதில் ராணுவத்துக்கு எதிராக எங்கள் ஊரே எழும்பியது. அதுவும் முதலில் திருவிழாதான். வீட்டுக்கு வீடு இயக்கங்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்தோம். மதிலெல்லாம் கோஷம் எழுதினோம். சந்திக்குச் சந்தி ஒரு இயக்கம், இயக்கத்துக்கு ஒரு தலைவர். நேற்று எங்களோடு பந்து அடித்தவனைப் பார்க்க அடுத்த கிழமை அனுமதி கேட்கவேண்டியிருந்தது. அதுகூட எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒரு காலை சந்திக்குப் போனால் மின்கம்பத்தில் எங்கள் தபால்காரரைக் கட்டியிருந்தார்கள். தலை தொங்கியபடி இருந்தது. கழுத்தில் அட்டை. குற்றங்கள் இலக்கம் போட்டு, வடிவான கையெழுத்தில். சனம் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையை மட்டும் வாசித்தது. “ஏதோ செய்திருப்பான்,” என்று சொல்லிக்கொண்டு பால் வாங்கப் போனது. பிறகு வந்த கம்பங்களை நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. வேறு பாதையால் சுற்றிப் போகப் பழகினேன். சுற்றிச் சுற்றித்தான் கடைசியில் லண்டன் வரை வந்திருக்கிறேன்.

இவ்வளவையும் அவருக்குச் சொல்லவில்லை. தபால்காரரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் கம்பத்திலிருந்து விலகி வந்தார். சனம் ஏன் முதுகைக் காட்டி நிற்கிறது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“அப்ப என்னைய என்னண்ணே பண்ணுவாங்க?”

“இஞ்ச ஒருத்தரும் சுடமாட்டினம்.”

“வீட்டுக்கு வருவாங்களா?”

அவரைப் பஸ் தரிப்பில் நிற்கச் சொல்லிவிட்டுக் கதிரைக்குப் போனேன்.

“கழட்டச் சொல்லு தம்பி,” என்றேன்.

“நான் கட்டச் சொல்லேல்லை அண்ணை,” என்றான் தலைவர். கம்பத்தைப் பார்க்காமலே சொன்னான். “ஆனா கட்டினது பிழையெண்டும் சொல்லமாட்டன். இண்டைக்கு எத்தினை பேர் வந்து நிக்கினம் எண்டு பாத்தியளோ? நேற்று வராத ஆக்களெல்லாம் வந்து நிக்கினம்.”

உண்மைதான். கூட்டம் பெருத்திருந்தது.

“பயத்தில வந்து நிக்கினமடா.”

“ஒரு பயம் இருக்கத்தான் வேணும். இது லண்டன். பயத்துக்கு மேல இஞ்ச ஒண்டும் நடக்காது.”

“அங்க ஊரிலயும் முதல்ல பயத்தை மட்டும்தான் கேட்டவங்கள்.”

மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவன் குனிந்து என்னைப் பார்த்தான். “அண்ணையும் அவரும் ஒரே வீடு, என்ன?” என்றான். சத்தமில்லாமல், சும்மா விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டான். எத்தனையோ எல்லைகளில் எத்தனையோ பொலிஸ்காரர் என்னை விசாரித்திருக்கிறார்கள். அவர்கள் ஒருவரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பகுதியிலிருந்து அக்கா எழும்பி வந்தார். நேரே கம்பத்துக்குப் போனார். முதுகைக் காட்டி நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை மேலிருந்து கீழே நிதானமாக வாசித்தார்.

“எங்கட அண்ணைக்கு எழுதின அட்டையில இதைப்போல ரெண்டு மடங்கு குற்றம் இருந்தது,” என்றார், எல்லோருக்கும் கேட்க. “லண்டனில கொஞ்சம் குறைச்சுப்போட்டியள் போல.”

அவருக்கு ஒரு அண்ணன் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. இத்தனை வருடமாக ஒரே மேசையில் மிளகாய் பொதி செய்தவர்களுக்கும் தெரியாது.

“அக்கா, அது வேற, இது வேற,” என்றான் தலைவர்.

“வேறயோ? சரி.” பெட்டி வெட்டுகிற கத்தியை மேலங்கியிலிருந்து எடுத்து நாரை ஒரே இழுவையில் வெட்டினார். அட்டை கையோடு வந்தது. அதை எடுத்துக்கொண்டு கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். “உமக்கு ஒரு கழுத்துத்தானே வேணும்? அந்தப் பெடியன் பிள்ளைத்தாய்ச்சியோட நிக்கிறான். எனக்குப் பொறுப்பு ஒண்டுமில்லை. இந்தாரும், என்ரை கழுத்தில போடும். போட்டுட்டுப் பிறகு கதவைப் பற்றிக் கதைப்பம்.”

ரயில் ஒன்று தூரத்தில் போனது. நான் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, பயமா கொண்டாட்டமா என்று பிரிக்கத் தெரியவில்லை. மிளகாய் மேசைப் பெண் ஒருத்தி வந்தாள். பிறகு போலந்துக்காரச் சாரதி, என்ன விஷயம் என்று தெரியாமலே. பிறகு ஒவ்வொருவராக, பிறகு கூட்டமாக. முதுகைக் காட்டி நின்ற அதே சனம்தான். இவ்வளவு பேரும் இதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தலைவரின் கண் கூட்டத்தின்மேல் ஒரு முறை ஓடியது. எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் என்று பார்த்திருப்பான். எழும்பினான். எழும்பி, கை தட்டினான்.

“இந்த அக்காதான் எங்கட போராட்டம்!” என்று அந்தக் குரலை எடுத்தான். “எங்களுக்குள்ள எதிரி இல்லை! எதிரி கேற்றுக்கு உள்ள இருக்கிறார்!”

சனம் வெடித்தது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அட்டையை அக்காவின் கையிலிருந்து பணிவாக வாங்கி மஞ்சள் ஜாக்கெட்காரனிடம் கொடுத்தான். அவன் அதை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டிக்குள் திணித்தான். அக்கா மட்டும் கை தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இவன் நல்லா வருவான்,” என்று என் காதுக்குள் சொன்னார். வாழ்த்தினாரா வைதாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு அவர் பஸ் தரிப்பைப் பார்த்துக் கையசைத்தார். “தம்பி! இஞ்ச வாங்கோ! இனிப் பின்கேற்றால போகாதையுங்கோ. முன்னால போங்கோ. போறதெண்டா எல்லாரும் பாக்கப் போங்கோ.”

மதுரைக்காரர் தெருவைக் கடந்து வந்தார். சனம் விலகி வழி விட்டது. எங்கோ ஒருவர் “சீ” என்றார், அவருக்குப் பக்கத்தில் நின்றவர் “பேசாம இரும்,” என்றார். மதுரைக்காரர் யாரையும் பார்க்காமல், சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கேற்றுக்குள் போனார். கேற்றைத் தாண்டியதும் ஒருமுறை திரும்பி எங்களைக் கும்பிட்டார். பிறகு இறைச்சி வெட்டப் போனார். நாங்கள் கோஷத்தைத் தொடங்கினோம். அன்றைய கோஷம் மாதிரி ஒரு கோஷத்தை நான் பிறகு கேட்கவில்லை.

பின்னேரம் அவர் வெளியே வரும்வரை காத்திருந்து அவரோடு பஸ் ஏறினேன். மேல் தட்டில் முன் இருக்கையில் இருந்தோம். அவர் சிரிக்கப் பார்த்தார். “விசா சரியாகட்டும்ணே, அடுத்த ஸ்டிரைக்ல நான்தான் முதல் ஆள்,” என்றார்.

“அதுக்குள்ள ஆர் தலைவரோ ஆருக்குத் தெரியும்,” என்றேன்.

அப்போது படியேறி ஒருவன் வந்தான். மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். எங்களுக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி இருந்தான். மதுரைக்காரர் பேச்சை நிறுத்தினார். மிச்ச வழி முழுவதும் கண்ணாடியில் தெரிந்த அவனுடைய உருவத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நோர்பரியில் நாங்கள் எழும்பியபோது அவனும் எழும்பினான்.

“என்ன தம்பி, எங்க போறீர்?” என்று நேரே கேட்டேன்.

“வீட்ட போறன் அண்ணை.” அவனுக்குக் கூச்சமாக இருந்தது. “ஸ்டேஷனுக்குப் பின்னால. அம்மா தனிய.”

இறங்கினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தான். உண்மையாகவே அந்தப் பக்கம்தான் போனான். மதுரைக்காரர் அவன் மூலை திரும்பும்வரை அசையாமல் நின்றார்.

“அவனும் நம்ம பஸ்தானாண்ணே?”

“ஓம்.”

வீட்டு வாசலில் திறப்பைக் கதவில் வைத்தபிறகு கேட்டார்:

“நாளைக்கும் என்கூட வருவீங்களாண்ணே?”

“வாறன்,” என்றேன்.